குக்கியை நானே எழுதியபோது

இணையத்தளங்களில் நாம் தினமும் 'சரி' என்று தட்டிவிட்டுப் போகும் குக்கி என்ன செய்கிறது? அதை நானே எழுதவேண்டி வந்தபோதுதான் எனக்கு ஒழுங்காக விளங்கியது.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் பழைய தளத்தை இரண்டு வாரத்தில் மூடப்போவதாக அறிவித்தார்கள். ஆண்டு விழா ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒன்றில் என் அம்மம்மா கதை சொல்கிறார். அவர் இப்போது இல்லை. வீட்டில் அவருடைய குரல் வேறெங்கும் இல்லை.

நான் சி மொழியில் எழுதி வைத்திருந்த சின்ன டவுன்லோட் புரோகிராமை ஓட்டினேன். வந்த கோப்புகள் எல்லாம் ஒரே அளவு. திறந்தால், ஒவ்வொன்றும் லொகின் பக்கம்!

காரணம் எளிது. எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி இதற்குக் கண்ட வழிதான் குக்கி. சேர்வர் 'செட்-குக்கி' என்ற வரியில் ஒரு துண்டு தரும். அடுத்த முறை அதைத் திருப்பிக் காட்டவேண்டும். குளிர்காலத்தில் மண்டப வாசலில் கோட்டை வாங்கிக்கொண்டு இலக்கத் துண்டு தருவார்களே, அதுபோல.

துண்டைச் சேமிப்பது சுலபம். யாரிடம் காட்டக்கூடாது என்பதில்தான் வேலை இருக்கிறது. 'எக்சாம்பிள்.கொம்' முழுவதற்கும் தந்த குக்கி 'பாட்எக்சாம்பிள்.கொம்'முக்குப் போகக்கூடாது. கடைசி எழுத்துகள் பொருந்தினால் போதாது, அவற்றுக்கு முன் புள்ளியும் வேண்டும். 'கோ.யூகே' முழுவதற்கும் ஒருவர் குக்கி வைக்க விடக்கூடாது. 'செக்யூர்' என்று குறித்தது மறையாக்கம் இல்லாத இணைப்பில் போகக்கூடாது. 'மெக்ஸ்-ஏஜ்', 'எக்ஸ்பயர்ஸ்' இரண்டும் இருந்தால் முதலாவதே செல்லும். இவை எல்லாம் 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6265இல் இருக்கின்றன.

நான்கு இரவுகள் பிடித்தன. பிறகு கோப்புகள் வெவ்வேறு அளவுகளில் வரத் தொடங்கின. அம்மம்மாவும் வந்தார்.

உங்களுக்கும் இப்படித் தேவை வந்தால் எழுதத்தான் வேண்டும் என்றில்லை. கேர்ல், டபிள்யூகெட் இரண்டுமே குக்கிக் கோப்பை வாசிக்கும், சேமிக்கும். ஆனால் ஒன்று: லொகின் குக்கி காலாவதியாகும்வரை அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறதோ, சேர்வருக்கு அவர்தான் நீங்கள். கடவுச்சொல் கேட்காது. நண்பருக்குக்கூட அனுப்பாதீர்கள். வேலை முடிந்ததும் லொக் அவுட் செய்து, கோப்பையும் அழித்துவிடுங்கள்.