உதகையில் உறைபனி

"பனி" என்ற ஒரே சொல்லைக் கொண்டே தமிழர்களாகிய நாம் நெடுங்காலமாகக் காரியத்தை நடத்தி வந்திருக்கிறோம். விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. எதிரே வரும் ஆளை மறைக்கும் புகைமூட்டமும் பனி. இமயமலையில் குவிந்து கிடப்பதும் பனிதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களிலும் பலர் வெண்பனியைக் கண்ணால் கண்டதில்லை. அதற்குக் காஷ்மீரத்துக்கோ ஸ்விட்ஸர்லாந்துக்கோ போகவேண்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து 90 கிலோமீட்டருக்குள், நம்முடைய நீலகிரியிலேயே, புல்தரை வெளுத்துப்போகும் காலைகள் உண்டு.

உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை, தரையிலேதான் பிறக்கிறது. கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், பகலில் வாங்கிய வெப்பத்தைப் பூமி வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே தண்ணீரைப்போல் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அங்கே காற்றிலுள்ள ஈரம், நீராகாமலே, வெண்துகள்களாகப் புல்லின்மேல் படிகிறது. உயரப் போனால் பனி அதிகம் இருக்கும் என்று நம்பி 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ஏறுகிறவர்கள் ஏமாந்து திரும்பக்கூடும். தலைகுந்தாவின் புல்வெளி, காந்தல் பள்ளம், நகரத்தின் நடுவே முன்பு குதிரைப் பந்தயம் நடந்த மைதானம் ஆகிய தாழ்ந்த இடங்களே பார்க்கத் தகுந்தவை.

இந்தக் காட்சியின் ஆயுள் அற்பமானது. வெயில் ஏறிச் சற்று நேரத்தில் எல்லாம் ஈரமாகிவிடும். படமெடுக்க விரும்பும் நேயர்கள் இருட்டிலேயே எழுந்திருக்க வேண்டும். முதல் கதிர் பக்கவாட்டில் விழும்போதுதான் ஒவ்வொரு புல்லிதழின் விளிம்பும் தனித்தனியே தெரியும். காமிராவோ கைப்பேசியோ வெண்மையைக் கண்டதும் வெளிச்சம் அதிகமென்று கருதி, படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஆகையால் வெளிச்சத்தைச் சிறிது கூட்டி வைக்கவேண்டும். குளிரில் மின்கலம் சீக்கிரம் சோர்ந்துபோகும். அதைச் சட்டைப்பையில் கதகதப்பாக வைத்திருப்பது நலம். அறைக்குத் திரும்பியவுடன் காமிராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். பையிலேயே சிறிது நேரம் இருக்கட்டும்.

இனி, படத்தில் அகப்படாத ஒரு விஷயம் உண்டு. நாம் ஆனந்தமாகப் பார்க்கும் அதே வெண்மையைத் தேயிலை விவசாயி வேறு கண்ணால் பார்க்கிறார். இலைக்குள்ளிருக்கும் நீர் உறைந்து, பிறகு வெயிலும் பட்டால், நேற்றுப் பச்சையாயிருந்த தளிர் தீப்பட்டதுபோல் கருகிப்போகிறது. செடி மறுபடி துளிர்க்கும்வரையில் பறிப்பதற்குக் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையேல் வருமானமும் இல்லை. 1848-ஆம் வருஷத்தில் தொடங்கப்பட்ட அரசினர் தாவரவியல் பூங்காவிலும் தோட்டக்காரர்கள் மாலையிலேயே நாற்றுகளை மிலார்களால் மூடிவைக்கிறார்கள். பொழுது விடியுமுன் புல்தரையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் உண்டு.

ஆயினும் பனியைப் பகைவனென்றே தள்ளிவிடவும் முடியாது. நீலகிரியின் பழைய புல்வெளிகள் இன்றும் புல்வெளிகளாக இருப்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சோலைக்காட்டு மரங்களின் இளங்கன்றுகள் திறந்த வெளியில் இந்தக் குளிரைத் தாங்குவதில்லை, புல்லோ தாங்குகிறது. அந்தப் புல்வெளிகள் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளாக அனுப்புவதால்தான் கீழே சமவெளியில் ஆறுகள் ஓடுகின்றன.

ஆகவே உதகைக்குச் செல்லும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறைந்த புல் கண்ணாடியைப்போல் நொறுங்கக்கூடியது. அதை மிதித்தால் பனி கரைந்த பிறகும் காலடித் தடம் பழுப்பாகப் பல நாள் நிற்கும். பாதையோரத்தில் நின்றே படமெடுங்கள். தேயிலைத் தோட்டமாயிருந்தால், உள்ளே காலெடுத்து வைக்குமுன் அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரவு அவருக்கு எப்படிக் கழிந்தது என்றும் விசாரியுங்கள்.