தீனி போகும் வழி

திருவண்ணாமலையிலிருந்து கடலைப் பார்க்க மரக்காணத்துக்கோ புதுச்சேரிக்கோ சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குள் பவளத்தொட்டி வைக்க ஆசைப்படுபவர், மீனையும் விளக்கையும் யோசிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துத் தீனியைக் கணக்குப் போட வேண்டும் என்பேன். உள்ளே போகும் ஒவ்வொரு சிட்டிகையும் எந்த வழியாக வெளியே வரும்? இயற்கை வடிகட்டல் என்று நாங்கள் சொல்வது முழுக்க இந்தக் கேள்விக்கான ஏற்பாடுதான்.

கணக்கு கடினமில்லை. 200 லிட்டர் தொட்டி, தினம் 1 கிராம் உலர்தீனி. அதில் பாதி புரதம், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 80 மில்லிகிராம். அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் தினமும் ஏறும். ஒரு மாதத்தில் ஐம்பதைத் தாண்டிவிடும். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். வேறு வழி எதுவும் இல்லாத தொட்டியில், அப்படி மாற்றிக்கொண்டே இருந்தாலும் நைட்ரேட் நூறுக்கு மேலே போய்த்தான் நிற்கும். என் தொட்டிக்கு நான் வைத்திருக்கும் எல்லை 10. மீதியை உயிர்கள்தான் வெளியேற்ற வேண்டும்.

ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை), பவளம், காற்றுக் குமிழி, இவற்றை மட்டும் கொண்டு கடல்மீன் வளர்த்ததை 1961இல் எழுதினார். இன்றைய முறைகள் பலவற்றுக்கும் அதுதான் தாய். பாறையின் மேற்பரப்பில் ஆக்சிஜன் உண்டு. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவைத் தின்று வாழும் ஆர்க்கியா என்ற வகை நுண்ணுயிர் ஒன்றை 2005இல் அறிவியலாளர்கள் பிரித்தெடுத்ததே சியாட்டில் கடல் காட்சியகத்தின் தொட்டி ஒன்றிலிருந்துதான். பாறைக்குள்ளே, ஆக்சிஜன் எட்டாத துளைகளில், வேறொரு கூட்டம் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். அது காற்றோடு போய்விடும்.

லீயின் வழியை நாம் அப்படியே எடுக்க முடியாது. கல் பவளங்கள் நம் நாட்டில் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்துண்டும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பல காலம் வெட்டினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. கடையில் ‘லைவ் ராக்’ என்று யாராவது கடற்பாறையை நீட்டினால் எனக்கு அந்தத் தீவுகள்தான் நினைவுக்கு வரும். நான் வாங்குவதில்லை. கல் பவளமும் வளர்ப்பதில்லை. தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கிய மென்பவளங்கள் போதும். மணலைக் கிளறக் கடல் அட்டை நல்ல பிராணிதான், ஆனால் அதுவும் அதே அட்டவணையில். நாசாரியஸ் நத்தை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பாறைக்கு என்ன செய்வது? எங்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலையே சிவனாக நிற்கும் ஊரில் அதில் கை வைக்க மனம் வராது. வைத்தாலும் பயனில்லை: கருங்கல்லில் நீர் ஊறும் துளைகள் கிடையாது, உள்வேலை நடக்காது. வெள்ளை சிமென்ட், சிப்பித்தூள், கல் உப்பு மூன்றையும் கலந்து வார்க்கலாம். உப்பு கரைந்த இடமெல்லாம் துளையாகும். நன்னீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, காரத்தன்மை இறங்கும்வரை ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். பிறகு பழகிய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் வாங்கித் தூவினால் உயிர் பரவும். அம்மோனியா அடங்க 4 முதல் 6 வாரம். உள்துளைகள் வேலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இந்தக் காத்திருப்பைச் சுருக்க நினைப்பவர்களிடம் நான் மீன் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

நைட்ரஜனுக்கு வானம் திறந்திருக்கிறது. பாஸ்பேட்டுக்கு அந்த வழி இல்லை. அதே 1 கிராம் தீனியில் 1 சதவீதம் பாஸ்பரஸ் என்று வைத்தால், தினமும் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் பாஸ்பேட். இருக்க வேண்டியதோ 0.1க்குக் கீழே. கொஞ்ச காலம் பாறையும் மணலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளிவாகத் தெரியும், நாமும் நிம்மதியாக இருப்போம். நிரம்பியதும் திருப்பிக் கக்கும். ஆகவே பாசி வளர்த்து அறுப்பதுதான் என் திட்டத்தின் நடு. தொட்டிக்குக் கீழே சம்ப் என்னும் துணைத்தொட்டியில் ஒரு அறை, அதில் கம்பிச்சுருள் மாதிரி வளரும் கீட்டோமார்ஃபா. மேல்தொட்டி இருளும் நேரத்தில் அதற்கு விளக்கு எரியும், இரவில் பி.எச். சரிவதை அது தடுக்கும். வாராவாரம் ஒரு பங்கு அறுத்து எடுப்பேன். அறுக்காத பாசி வடிகட்டி அல்ல. பாஸ்பேட் அங்கேயேதான் இருக்கிறது. ராமநாதபுரக் கரைப் பெண்கள் கஞ்சிப்பாசி என்று பறிக்கும் கிரேசிலேரியாவும் உதவும், மீனும் விரும்பித் தின்னும். காலர்ப்பா மட்டும் வேண்டாம். அது இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் ஒரே இரவில் கரைந்து, சேர்த்ததை எல்லாம் தண்ணீரிலேயே கொட்டிவிடும்.

தண்ணீருக்கு வருகிறேன். ஆர்.ஓ. நீரில் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். போர் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் ஆகாது. மரக்காணத்து உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. உப்பளத்தில் கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது, மெக்னீசியம் கடைசியில் வடித்து விடும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நடுவில் கிடைப்பது சமையலுக்கான உப்பு. மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவைதான் வேண்டும், அடர்த்தி 1.025.

வெயில் இங்கே பெரிய எதிரி. மன்னார் வளைகுடாப் பவளங்களே 1998, 2010, 2016 கோடைகளில் வெளுத்தன. சூடேறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், நுண்ணுயிர்களோ அதிகம் கேட்கும். ஆனால் உள்நாட்டு வறண்ட காற்று நமக்கு ஒரு வசதி: நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் ஆவியாகி 2, 3 டிகிரி இறங்கும். கடலோர ஊர்களில் இவ்வளவு இறங்காது. ஆவியான அளவுக்கு நன்னீரை அன்றன்றே ஊற்ற வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கட்டாயம். இயற்கை முறைத் தொட்டியில் மீனோடு பாறையும் மூச்சு விடுகிறது.

அறுத்த பாசியைச் சாக்கடையிலோ ஏரியிலோ, கடற்கரைக்குப் போகும்போது கடலிலோ போடாதீர்கள்; வெயிலில் சருகாகக் காயவையுங்கள். மொனாக்கோவில் 1984இல் கடலுக்குள் தென்பட்ட, தொட்டிகளில் வளர்க்கப்பட்ட ஒரு காலர்ப்பா வகை மத்தியதரைக் கடலில் பரவியது. நம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவிலும் வளர்ப்புக்காக வந்த கப்பாஃபைகஸ் பாசி பவளத்தின் மேல் படர்ந்தது.

தொடங்குபவர்கள் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு உப்புநீர் நிரப்புங்கள். மாசியில் ஒரு ஜோடி கோமாளி மீன் விடுங்கள், பண்ணையில் பொரித்த குஞ்சுகளாகப் பார்த்து. சித்திரை வெயிலைத் தொட்டி தாண்டிய பிறகு மற்ற உயிர்களை வாங்கிக்கொள்ளலாம்.