இருபுறமும் காணல்

ஒரு பொருளை இடம் மாற்றுதல் என்னுஞ் செயலுக்கு இரு முனைகள் உள. எடுக்கும் இடம் ஒன்று; வைக்கும் இடம் மற்றொன்று. களத்திலிருந்து நெல்மூடையை வீட்டுக்குக் கொண்டுவருபவர் களத்தையும் அறிவார். வீட்டில் மூடை அடுக்கும் மூலையையும் அறிவார். கணினியிற் கோப்புகளை இடம் மாற்றுபவரின் நிலை பெரும்பாலும் இவ்வாறு அமைவதில்லை. சாளரத்தில் ஒரு கோப்புறை மாத்திரமே தெரிகிறது. பிரதி எடுக்கும் கட்டளையை அங்கு இட்டபின், அவ்விடத்தை விட்டகன்று, பல கோப்புறைகளைத் திறந்து சென்று, வேறோரிடத்தில் அதனை ஒட்டவேண்டும். இடைப்பட்ட வேளையிற் கையிலிருப்பது யாது என்பதும், போய்ச்சேரும் இடத்தில் முன்னரே என்ன இருக்கிறது என்பதும் அவருடைய நினைவை மாத்திரமே நம்பி நிற்கின்றன.

நினைவு தவறும்போது நேரும் இழப்புச் சிறிதன்று. ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வன்தட்டில் ஒரு பிரதி. பென் ட்ரைவில் இன்னொரு பிரதி. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. நேற்றிரவு திருத்திய பிரதி எது, சென்ற மாதத்துப் பிரதி எது என்பதைப் பெயர் கூறாது. பழையது புதியதன்மீது எழுதப்பட்டுவிடுமாயின் ஒரு மாத உழைப்பு ஓசையின்றி மறைந்துவிடும். தாள் எரிந்தாற் புகையேனும் எழும். கோப்பு அழிந்தமைக்கோ அடையாளம் எதுவுமில்லை. அதனைத் தேடும் நாளிலேயே அது இல்லாமை தெரியவரும்.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இவ்வாபத்து இன்னுஞ் சற்றுக் கூர்மையானது. 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோரின் முயற்சியால் உருவாகத் தொடங்கிய அவ்வியங்குதளம், பயன்படுத்துவோர் தாம் செய்வதை அறிந்தே செய்கின்றனர் என்னும் நம்பிக்கையின் மீது எழுந்தது. வேறு ஏற்பாடு செய்யப்படாதவிடத்து, பிரதி எடுக்கும் கட்டளையும் இடம் மாற்றும் கட்டளையும் அதே பெயருடைய கோப்பு அங்கிருப்பின் அதன்மீது கேள்வியின்றி எழுதிவிடும். மேலும், தட்டுகள் யாவும் ஒரே மரத்தின் கிளைகளாகவே தோற்றமளிப்பதால், ஒரு கோப்புறை வன்தட்டில் உள்ளதா, செருகப்பட்ட பென் ட்ரைவில் உள்ளதா என்பது முதற்பார்வையிற் புலப்படாது. ஆயினும் இவ்வேறுபாடு முக்கியமானது. ஒரே கோப்பு முறைமைக்குள் இடம் மாற்றும்போது கோப்பின் உள்ளடக்கம் அசைவதேயில்லை. பெயர்ப்பதிவு மாத்திரம் மாறுகிறது. வெவ்வேறு முறைமைகளுக்கிடையே மாற்றும்போதோ முதலிற் பிரதி எடுக்கப்பட்டுப் பின்னரே மூலம் அழிக்கப்படுகிறது.

இக்குறைக்கு ஒரு விடையாகத் தோன்றியதே இருபலகக் கோப்பு முகாமை மென்பொருளாகும். இதனைப் புகழ்பெறச் செய்தது, ஜோன் சோச்சா இயற்றி 1986இல் வெளிவந்த நோர்ட்டன் கொமாண்டர் என்பதாகும். அது டொஸ் இயங்குதளத்திற்குரியது. திரையை இரண்டாகப் பகுத்து, இடப்புறம் ஒரு கோப்புறையையும் வலப்புறம் மற்றொன்றையும் ஒருங்கே காட்டியது. ஒரு பலகத்திலிருந்து மறுபலகத்திற்குச் செல்ல ஒரு விசை, பிரதி எடுக்க எப்5, இடம் மாற்ற எப்6, புதிய கோப்புறை அமைக்க எப்7, அழிக்க எப்8. பிரதி எடுக்கும் விசையை அழுத்தியதும், மறுபலகத்திலுள்ள கோப்புறையே சேருமிடமாக முன்மொழியப்படும். செயலின் இரு முனைகளும், செயல் நிகழுமுன்னரே, ஒருசேரக் கண்முன் நின்றன. இவ்வமைப்பின் தனிச்சிறப்பு இதுவே.

யுனிக்ஸ் உலகுக்கு இம்மரபைக் கொண்டுவந்தவர் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகுவேல் டி இகாசா ஆவார். அவர் 1994இல் தொடங்கிய மிட்நைட் கொமாண்டர் இன்றும் தன்னார்வலர்களாற் பேணப்பட்டு வருகிறது. எழுத்துத் திரையொன்றே போதும். சாளரங்களோ சுட்டியோ தேவையில்லை. எனவே தொலைவிலுள்ள வழங்கி ஒன்றை மெதுவான இணைப்பினூடாகப் பராமரிப்பவருக்கு இது பெருந்துணையாகும். ஒரு பலகத்திற் சொந்தக் கணினியையும் மறுபலகத்தில் தொலைவிலுள்ள கணினியையும் வைத்துப் பணிபுரியலாம்; சுருக்கக் கோப்புகளின் உள்ளேயும் சாதாரணக் கோப்புறைக்குள் நுழைவதுபோல் நுழையலாம். பலகங்களின் கீழே கட்டளை எழுதும் வரியும் எப்பொழுதும் காத்திருக்கும். சேருமிடத்தில் அதே பெயருடைய கோப்பு இருப்பின், இரண்டின் அளவையும் திகதியையும் காட்டி, என்ன செய்வது என்று வினவும். ஆயினும் இதிற் குப்பைத்தொட்டி இல்லை. எப்8 அழுத்தி உறுதி கூறியபின் அழிந்தது அழிந்ததே. எச்சரிக்கையான கைக்குக் கூரிய கத்தி பயன் தரும். அவசரக் கைக்கு அதுவே காயம் தரும்.

வரைகலைத் திரையில் இம்மரபின் வாரிசுகளாக இரண்டைச் சிறப்பாகக் கூறலாம். ஒன்று, 2000ஆம் ஆண்டிற் தொடங்கப்பெற்ற குறூசேடர். மற்றொன்று டபிள் கொமாண்டர். முன்னையது கேடிஈ சூழலுடன் இணைந்து வளர்ந்தது. அச்சூழல் அறிந்த தொலைக்கோப்பு வழிகள் யாவற்றையும் தானும் கையாளவல்லது. பின்னையது விண்டோஸ் உலகிற் பெயர்பெற்ற டோட்டல் கொமாண்டரை முன்மாதிரியாகக் கொண்டு, பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே முகத்துடன் இயங்குவதால், இரு தளங்களிலும் மாறிமாறிப் பணிபுரிவோருக்கு உகந்தது. பெருந்தொகையான கோப்புகளுக்கு ஒரே வேளையிற் பெயர் மாற்றும் கருவியையும் அது தன்னகத்தே கொண்டுள்ளது.

இவ்விரண்டிலும் மேலே கூறிய ஆய்வு மாணவருக்குப் பெரிதும் உதவக்கூடியது, கோப்புறைகளை ஒத்திசைவிக்கும் வசதியாகும். இரு கோப்புறைகளையும் ஒப்பிட்டு, எது புதியது, எது ஒருபுறம் மாத்திரம் உள்ளது, எது இருபுறமும் வேறுபடுகிறது என்பதை நிரலாகக் காட்டி, ஒவ்வொன்றும் எத்திசையிற் செல்லவிருக்கிறது என்பதை அம்புக்குறியால் உணர்த்தும். திசை பிழையாயின் மாற்றலாம், வேண்டாததை விலக்கலாம். பயன்படுத்துபவர் இசைவு தரும்வரை ஒரு கோப்பும் அசையாது.

இவற்றினின்றும் வேறுபட்ட மூன்றாவது வகையும் உண்டு. பொதுவாக ஒரு பலகத்துடன் இயங்கி, வேண்டியபோது மாத்திரம் இரண்டாகப் பிரிவது அது. 2008இல் வெளிவந்த கேடிஈ நான்காம் பதிப்பின் இயல்பான கோப்பு முகாமையாளராக அமைந்த டொல்பினில், எப்3 விசையை அழுத்தியதும் சாளரம் இரண்டாகும். மீண்டும் அழுத்தினால் ஒன்றாகும். க்னோம் சூழலின் நோட்டிலஸும் 2010இல் இவ்வசதியைப் பெற்றது. ஆனால் 2012இல் வெளிவந்த 3.6ஆம் பதிப்பில், எளிமைப்படுத்தும் நோக்கில், அது நீக்கப்பட்டது. அதே ஆண்டில் லினக்ஸ் மின்ட் குழுவினர், நீக்கத்துக்கு முந்திய நோட்டிலஸைக் கிளைபிரித்து நேமோ என்னும் பெயரில் வெளியிட்டனர். அதில் இரண்டாம் பலகம் நிலைத்தது. நேர்மாறாக, எளிமைக்கே பெயர்பெற்ற துனார் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் இரட்டைப் பலகத்தைப் புதிதாக ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்வுகள் சிந்தனைக்குரியன. ஆக்கியோர் தேவையற்றது எனக் கருதிய ஒன்று, வேறு சிலருக்கு அன்றாடத் தேவையாயிருந்தது. மூலநிரல் யாவர்க்கும் பொதுவாக இருந்தமையாலேயே, விலக்கப்பட்டது வேறொரு வீட்டில் வாழ இடம் பெற்றது. பூட்டப்பட்ட மென்பொருளாயின் முறையீடு ஒன்றே எஞ்சியிருக்கும்.

எனினும் இரட்டைப் பலகம் குற்றமற்றது என்று கூறுதல் பொருந்தாது. இரு பலகங்களும் ஒரே தோற்றமுடையன. எப்பலகம் இயங்குநிலையில் உள்ளது என்பதைக் கவனியாதவர், வலமிருந்து இடம் செல்லவேண்டியதை இடமிருந்து வலம் அனுப்பிவிடக்கூடும். ஒரு பலகத்துச் சாளரத்தில் நேருந் தவறு காணாமையால் நேர்வது. இங்கு நேருந் தவறோ கண்டும் நோக்காமையால் நேர்வது. முன்னையதற்குக் கருவி பரிகாரம் ஆகலாம். பின்னையதற்கு மனிதரின் கவனமே பரிகாரம்.

ஆகவே இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. தொலைக்கணினியைப் பேணுபவருக்கு மிட்நைட் கொமாண்டர் பொருந்தும். பல ஆண்டுக்காலச் சேகரங்களை ஒழுங்கு செய்து இருபிரதியாகக் காப்பவருக்குக் குறூசேடரோ டபிள் கொமாண்டரோ ஏற்றது. எப்பொழுதாவது ஒருமுறை பென் ட்ரைவுக்குப் பிரதி எடுப்பவருக்கு டொல்பினோ நேமோவோ துனாரோ தரும் இரட்டைப் பலகம் போதுமானது. கடிதங்களும் நிழற்படங்களும் ஆய்வுகளும் கோப்புகளாகவே வாழும் இக்காலத்தில், அவற்றை இடம் மாற்றும் ஒவ்வொரு வேளையும் இழத்தற்கும் ஏதுவான வேளையாகும். எடுக்கும் இடத்தையும் வைக்கும் இடத்தையும் ஒருங்கே காட்டும் கருவி அவ்விழப்பை முற்றாகத் தடுத்துவிடாது. விசையை அழுத்துமுன் இருபுறமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் வாய்ப்பை மாத்திரம் அது தருகிறது. ஒரு மாத உழைப்பைக் காப்பதற்குப் பலவேளைகளில் அந்த ஒரு பார்வையே போதுமானதாகும்.