எதை முடிவு செய்தீர்கள்?

வேலைக்கு எழுதும் பயோடேட்டாவும் கம்பெனி போர்டில் சுயேச்சை இயக்குநர் பதவிக்கு எழுதும் பயோடேட்டாவும் ஒரே ஆளைப் பற்றியவைதான். ஆனால் படிக்கிறவர் வேறு, அவர் தேடுவதும் வேறு. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கம்பெனி செகரட்டரியாகத் தொழில் நடத்துகிறேன். ஆண்டறிக்கை தாக்கல், தீர்மான வாசகம், மினிட்ஸ் என்று ஓடும் வேலைகளுக்கு நடுவே நான் மனமொன்றிச் செய்வது இந்த இரண்டாவது வகையைத்தான்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்கள். வங்கியில் பொது மேலாளராக இருந்தவர், கப்பல் கட்டுமானத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர், வில்லிங்டன் தீவின் தேயிலை ஏலத்தில் புரோக்கராக வாழ்நாளைக் கழித்தவர். தேவையும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் போர்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் இருக்க வேண்டும். பட்டியலிடாத பப்ளிக் லிமிடெட் கம்பெனியும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியையோ விற்றுமுதல் 100 கோடியையோ எட்டினால், பொதுவாக இருவரையாவது அமர்த்தியாக வேண்டும். ஒருவருக்கு ஐந்தாண்டு, அதிகபட்சம் தொடர்ந்து இரண்டு தவணை. ஆகவே நாற்காலிகள் காலியாகிக்கொண்டே இருக்கின்றன.

வருகிறவர்கள் கையில் கொண்டுவரும் பயோடேட்டா எப்போதும் நீளமாக இருக்கும். எந்த ஆண்டு எந்தப் பதவி, எத்தனை பேர் கீழே வேலை பார்த்தார்கள், என்ன விருது. உழைத்துச் சேர்த்த வாழ்க்கை அது, நான் அதைக் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் நியமனக் குழு அதில் தேடுவது நிர்வாகத் திறமையை அல்ல. கம்பெனியை ஓட்ட ஏற்கெனவே மேலாண்மை இயக்குநர் இருக்கிறார். ஆண்டுக்கு நான்கு கூட்டமோ ஆறு கூட்டமோ வந்து உட்கார்ந்து, அவர் கொண்டுவரும் திட்டத்தைப் படித்து, சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்கும் ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். அதனால் நான் முதலில் கேட்பது, "நீங்கள் எதைச் செய்தீர்கள்" என்று அல்ல. "எதை முடிவு செய்தீர்கள், எதற்கு வேண்டாம் என்றீர்கள்?" என்று கேட்பேன். பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தை நான் அவசரப்படுத்துவதில்லை.

வங்கியாளர் எழுதி வந்த வரி, "மண்டலத்தின் கிளைகள் அனைத்தையும் நிர்வகித்து, கடன் வழங்கலை இரட்டிப்பாக்கினேன்" என்பது. பேசப் பேச வேறொன்று வெளியே வந்தது. கேரளத்தில் நகைக்கடன் அசுர வேகத்தில் வளர்ந்த காலம் அது. கடன் குழுவில் இவர், தங்கம் விழுந்தால் நம் கதி என்ன என்று கேட்டிருக்கிறார். ஒரு சவரனுக்குக் கொடுக்கும் தொகையைக் குறைக்க வாதாடி, அந்தக் காலாண்டின் வளர்ச்சி இலக்கை இழந்திருக்கிறார். 2013இல் தங்க விலை சரிந்தபோது அந்த முடிவு கைகொடுத்தது. இதை ஏன் எழுதவில்லை என்றேன். "அது குழு எடுத்த முடிவு சார், நான் எப்படி உரிமை கொண்டாடுவது?" என்றார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது, அதையும் சேர்த்தே எழுதினோம்: "நகைக்கடன் வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் விலைச் சரிவு ஆபத்தைக் கடன் குழுவில் எழுப்பினேன். இலக்கு குறைந்தாலும் கடன் விகிதத்தைக் குறைக்கக் குழு முடிவெடுத்தது." யார் கேட்டார், யார் முடிவெடுத்தார் என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்கின்றன. கடன்தாரர் பெயரோ உள்விவகாரமோ இல்லை. பழைய நிறுவனத்தின் ரகசியத்தைப் பயோடேட்டாவில் கொட்டுகிறவரைப் புதிய நிறுவனம் எப்படி நம்பும்?

மட்டாஞ்சேரியில் இந்த வேலை செய்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. இங்கே ஜூ டவுனில் இருக்கும் மிளகு வணிகர் சங்கத்தை எல்லோரும் இப்ஸ்டா என்பார்கள். 1957இலேயே மிளகுக்கு முன்பேர வர்த்தகம் தொடங்கிய இடம். அப்படியொரு சந்தையை நடத்தச் சங்கக் குழுக்களில் வியாபாரிகளே உட்கார வேண்டியிருந்தது. விலை தாறுமாறாக ஆடும் நாளில் எவ்வளவு மார்ஜின் கேட்பது, லிட்டர் எடையிலும் ஈரப்பதத்திலும் சரக்கு ஒப்பந்தத்துக்கு ஒத்துவருகிறதா, இரண்டு உறுப்பினர்களுக்குள் வழக்கு வந்தால் யார் பக்கம் நியாயம் என்றெல்லாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தன் சரக்கும் அதே சந்தையில் இருக்கும்போது சந்தைக்காகப் பேசுவது லேசான காரியமில்லை. போர்டு வேலை என்பதே அதுதான். ஆனால் இங்குள்ள மூத்த வியாபாரிகள் அதையெல்லாம் சங்க வேலை என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, எத்தனை நாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்பதை முதலில் போடுகிறார்கள். நான் அதைத் தூக்கி முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவேன். பள்ளி அறக்கட்டளையில் பொருளாளராக இருந்ததும், கூட்டுறவு வங்கி நிர்வாகக் குழுவில் இருந்ததும் அப்படித்தான்.

பெரிய பெயர்கள் மட்டுமே போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் கதையைச் சொல்வேன். அந்த போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், பென்டியம் சிப்போடு பெயர் இணைந்த பொறியாளர் இருந்தார், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் இருந்தார், இந்திய வணிகப் பள்ளியின் டீன் இருந்தார். பயோடேட்டாவாகப் பார்த்தால் நாட்டிலேயே அதைவிடக் கனமான போர்டு அரிது. 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க அந்த போர்டு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடியை ஒப்புக்கொள்ளும் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் கடிதம் வெளியானது. இன்றைய சட்டத்தில் சுயேச்சை இயக்குநர் பற்றிய பகுதி இவ்வளவு விரிவாக இருப்பதற்கு அந்தக் காயம் ஒரு முக்கியக் காரணம்.

வெறும் பெயர் போதாது என்பதால்தான் பயோடேட்டாவின் அடைமொழிகளிலும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதிப்படி பட்டியலிட்ட நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் போர்டுக்குத் தேவையான திறன்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்த இயக்குநரிடம் இருக்கிறது என்று பெயரோடு அச்சிட வேண்டும். 2020 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலிருந்து இது கட்டாயம். "நிதி வல்லுநர்" என்று நீங்கள் எழுதிக்கொடுத்தால் அது பங்குதாரர் கையில் அச்சாகப் போய்ச் சேரும், உங்களைத் தணிக்கைக் குழுவிலும் உட்கார வைப்பார்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் பேலன்ஸ் ஷீட் எனக்குப் புரியாது என்று சொல்ல முடியாது. தன் அறிவுக்கு எட்டியதும், அக்கறையோடு செயல்படாததால் நேர்ந்ததும் சுயேச்சை இயக்குநரின் பொறுப்பே என்கிறது சட்டம். பணப்புழக்க அறிக்கையைக் கையில் கொடுத்து, இதில் எங்கே உறுத்துகிறது என்று கேட்பேன். விரல் சரியான இடத்துக்குப் போனால் அந்தச் சொல் இருக்கும், இல்லையென்றால் எடுத்துவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சுயேச்சைத் தன்மையை எழுத உட்காருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கொச்சி சின்ன ஊர். சரக்கு கொடுத்தவர், கிடங்கு வாடகைக்கு விட்டவர், சம்பந்தி என்று எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் தொட்டுக்கொள்வார்கள். நடப்பு ஆண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் (பட்டியலிட்ட நிறுவனமானால் செபி விதிப்படி மூன்று) அந்த நிறுவனத்தோடு சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் பண உறவு இருந்திருந்தால் அந்த நாற்காலி கிடைக்காது. உறவு சிறியதாக இருந்தாலும் மறைக்காமல் ஒரு வரியில் சொல்லிவிடச் சொல்வேன். அவர்களாகக் கண்டுபிடித்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள்.

மற்றவை சட்டென்று முடிகிற காரியங்கள். டின் எனும் இயக்குநர் அடையாள எண், மானேசர் இந்தியக் கார்ப்பரேட் விவகார நிறுவனத்தின் சுயேச்சை இயக்குநர் தரவு வங்கிப் பதிவு, அதன் தேர்வு எழுதியாயிற்றா என்பது, இப்போது இருக்கும் இயக்குநர் பதவிகள். பட்டியலிட்ட நிறுவனங்களில் ஏழுக்கு மேல் கூடாது, ஆனால் நாலைந்து இருந்தாலே நேரம் கிடைக்குமா என்று குழு யோசிக்கும். மொத்தம் இரண்டு பக்கம். புகைப்படம் வேண்டாம், பொழுதுபோக்கு வேண்டாம்.

மேலே வரும் நான்கு வரி அறிமுகத்தைக் கடைசியில்தான் எழுதுகிறேன், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதிதாக. அதற்கு முன் அந்த நிறுவனத்தின் மூன்று ஆண்டறிக்கைகளை அவரும் நானும் படித்திருப்போம். திறன் பட்டியலில் எந்தக் கட்டத்துக்கு நேரே பெயர் குறைவு, யாருடைய தவணை அடுத்த ஆண்டு முடிகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். எழுதியதை அவர் முன்னால் வாய்விட்டுப் படிப்பேன். ஒவ்வொரு வரியையும் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்வேன், குழு அப்படித்தான் கேட்கும். இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிப்போகிற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வைக்க அவருடைய வாழ்க்கையில் வேறொரு முடிவைத் தேட ஆரம்பிப்போம்.