விரலுக்கு ஒரு பள்ளிக்கூடம்

பால்மரம் சீவுதல் கண்ணும் கத்தியும் செய்யும் தொழிலென்று பட்டணத்தார் எண்ணுவர். அது விரல் செய்யும் தொழிலென்பதைத் தோட்டத்திற் பிறந்தோர் அறிவர். கத்தி மேலாகப் போனால் பால் வாராது. ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள மயிரிழையைக் கைதான் உணரவேண்டும். ஆதலால் எங்கள் தோட்டத்தில் புதியவர்களை நல்ல மரத்தண்டை விடமாட்டார்கள். வெட்டிச் சாய்க்கவிருக்கும் கிழமரங்களிலேயே முதலிற் பழக்குவார்கள். என் தாயாரும் அவ்வாறு பழகியவரே. மரத்திற்கு இருந்த இந்தப் பாதுகாப்பு அவருடைய உடம்பிற்கு இல்லாமற் போயிற்று.

1974-ஆம் ஆண்டில், எனக்குப் பதினைந்து வயது நடக்கையில், தாயாரின் மார்பில் ஒரு கட்டி கண்டது. வெட்கத்தால் அதைப் பல மாதம் மறைத்து வைத்தார். பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது, அங்கிருந்த டிரஸ்ஸர் ரவிக்கையின்மேல் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் பார்த்து, "கொழுப்புக் கட்டி, பயப்பட வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அவர் கெட்டவரல்லர், அவரும் கூசினார். அவ்வளவே.

ஓராண்டு கழித்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறு. மாணவர் வரிசையாக வந்து, ஒருவர்பின் ஒருவராக அழுத்திப் பார்த்துச் சென்றனர். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அன்று மாலை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எத்தனை கையடி, அம்மா!" என்றார். 1976-இல் அவர் காலமானார். முதலில் தொட்ட கை அழுத்தவில்லை; பின்னர் அழுத்திய கைகள் மதிக்கவில்லை. இவ்விரண்டு குற்றங்களும் நெடுங்காலம் என் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தன.

சென்ற ஆண்டு வைத்தியம் பயிலும் என் தம்பி மகள், பயிற்சிக்கென்று செய்த சிலிக்கான் மார்பு ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவந்தாள். நான் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "அத்தை, இன்னும் அழுத்திப் பாருங்கள்" என்றாள். அழுத்தினேன். பட்டாணியளவு கடினமான ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. அந்த டிரஸ்ஸரின் விரலைப்போலவே என் விரலும் முதலில் ஏமாந்ததை எண்ணியபோது என் கண்கள் கலங்கின.

கை பழகுவதற்குப் பொம்மை செய்யும் வழக்கம் புதிதன்று. 1759-ஆம் ஆண்டு பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணைபெற்ற மேடம் து கூத்ரே என்னும் மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் தைத்த பிரசவப் பொம்மையுடன் ஊர் ஊராகச் சென்று கிராமத்துப் பெண்களுக்குப் பேறுகாலம் பார்க்கக் கற்பித்தார். அப்பொம்மைகளில் ஒன்று ரூவான் நகரத்துக் காட்சிசாலையில் இன்றும் உள்ளது.

ஆனால் துணிப்பொம்மை மறுமொழி சொல்லாது. அக்குறை நீங்க வழி பிறந்தது 1990-க்குப் பின்னரே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் மாஸ்ஸி, ஸாலிஸ்பரி என்னும் இருவர் ஒரு கருவி செய்தனர். அதிலுள்ள விரலுறையில் விரலை நுழைத்து அசைத்தால், கணிப்பொறி விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை கணக்கிட்டு, சிறு மோட்டார்களால் விரலை எதிர்த்துத் தள்ளும். வெறும் வெளியிலே கல்லும் சதையும் இருப்பதாக விரல் நம்பிவிடும். பிரிட்டனில் ஸாரா பெய்லி என்னும் கால்நடை வைத்தியர் இதைக் கொண்டே பசுவின் உட்புறத்தைத் தொட்டறியப் பழக்கினார். பசுவிற்குள் நுழைந்த மாணவன் கை எங்கே துழாவுகிறதென்று ஆசிரியருக்குத் தெரியாதன்றோ? இங்கே அது திரையில் தெரியும்.

அமெரிக்க வைத்தியர் கார்லா பியூ, மார்பகப் பொம்மைக்குள் அழுத்தமளக்கும் உணரிகளைப் பதித்தார். அவரும் தோழரும் 553 வைத்தியர்களைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்யும். ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைவர், மார்புச் சுவரை ஒட்டிய கட்டியைத் தவறவிடும் வகையிலேயே தொட்டனர். பத்து நியூட்டனுக்குக் குறைந்த அழுத்தம், அதாவது ஒரு கிலோ எடைக்கும் குறைந்த அழுத்தம், அதனைக் கண்டுபிடிக்கவில்லை. பட்டம்பெற்று நோயாளிகளைப் பார்த்துவரும் வைத்தியர் கையே இப்படியானால், ஒரு டிரஸ்ஸரின் கையை நான் எவ்வளவு நோவது?

இயந்திரம் வந்தால் மனிதத்தன்மை மறையுமென்று சிலர் அஞ்சுவர். எனக்கு அவ்வச்சம் இல்லை. ஏழையின் உடம்பைப் பலகையாக்கி எழுதிப் பழகிய காலத்தில் மனிதத்தன்மை எங்கே வாழ்ந்தது? தவறுகளையெல்லாம் பொம்மையிடத்திலே செய்து தீர்த்த கைதான் நோயாளியிடம் வரவேண்டும். ஆயினும் ஒன்று: பொம்மை கூசாது, "வலிக்கிறது" என்று முகம் சுளிக்காது. எவ்வளவு அழுத்துவதென்பதை அது கற்பிக்கும், "தொடலாமா, அம்மா?" என்று கேட்பதைக் கற்பிக்காது. அது ஆசிரியரும் பெற்றோரும் கற்பிக்கவேண்டிய பாடம். இதைத் தம்பி மகளிடம் சொன்னேன், தலையசைத்தாள்.

சகோதரிகளே, வைத்தியர் விரலுக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. நம் வெட்கத்திற்கு இன்னும் வரவில்லை. நம் பெண்கள் மறைத்து வைக்கும் கட்டியை எந்த இயந்திரமும் தானாகத் தேடி வாராது. உடம்பில் புதிதாக ஒன்று தோன்றினால் அன்றே சொல்லுங்கள். மேலாகத் தொட்டு ஒன்றுமில்லை என்றால், நன்றாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேண்டிய படப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. என் தாயார் கேட்கவில்லை. கேட்கலாமென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.