மூணு மணி டியூப்லைட்

கடலூரில் அக்கா வீட்டில் தங்கினால், ராத்திரி மூணு மணிக்கு டியூப்லைட் எரியும். பயப்படாதீர்கள், அக்காதான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரை கடந்தபோது அவள் வீட்டு ஓடுகள் பறந்தன, கொல்லைப் பலாமரம் சாய்ந்தது. அன்றிலிருந்து காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். 'காத்து நின்னப்புறமும் தூக்கம் வரமாட்டேங்குதுடா.'

அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் மெலடோனின் மாத்திரை டப்பா ஒன்றைக் கொடுத்திருந்தான். 'டென்ஷன் ஹார்மோன் ஏறினா மெலடோனின் எறங்கும். இதைப் போட்டா அது எறங்கிடும்' என்று தராசுக் கணக்கு வேறு. எனக்குச் சந்தேகம். பஸ் ஏறிச் சிதம்பரம் போய், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்த நண்பரைப் பிடித்தேன். (மெலடோனின் கொடுத்த எலிகளை அந்தத் துறையில் ஆராய்ந்திருக்கிறார்கள்.)

'தராசெல்லாம் இல்ல சார். ரெண்டு பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து வேலைக்கு வர்றவங்க. ஷிப்ட்தான் வேற' என்றார்.

கடிகாரம் மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. இருட்டினால் பீனியல் சுரப்பி மெலடோனினை விட ஆரம்பிக்கும். கார்டிசால் நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்தில் இருந்து, பின்னிரவில் ஏறத் தொடங்கி, நாம் எழுந்திருக்கும் நேரத்தில் உச்சிக்கு வரும். மெலடோனின் மாத்திரை கார்டிசாலைக் குறைக்குமா என்றால், மனிதர்களிடம் செய்த சோதனைகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ராத்திரியில் பீனியலைத் தட்டி எழுப்புவது நார்அட்ரினலின். பயந்தால் நெஞ்சைப் படபடக்க வைக்குமே, அதே சரக்கு! (1958-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆரோன் லெர்னர் மாடுகளின் பீனியலிலிருந்து மெலடோனினைப் பிரித்தார். அவர் தோல் டாக்டர். தூக்கத்தைத் தேடிப் போனவர் அல்ல.)

நண்பர் திடீரென்று, 'அக்கா பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடறாங்க?' என்றார். போன் போட்டேன். அட்டெனலால். ராத்திரி ஒன்று.

'அப்படிப் போடுங்க! அது நார்அட்ரினலின் நுழையற கதவை மூடற மாத்திரை. நெஞ்சுல மட்டுமில்ல, பீனியல்லயும் மூடும். மெலடோனின் குறையும். போதாததுக்கு டியூப்லைட் வேற.' ராத்திரி வெளிச்சம் மிச்சமிருப்பதையும் அமுக்கிவிடுமாம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் பிரஷர் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. அக்காவையும் டாக்டரிடம்தான் கூட்டிப்போனேன். அவர் யோசித்து வேறு மாத்திரைக்கு மாற்றினார். நான் ஹாலில் சிவப்பு ஜீரோவாட் பல்பு ஒன்று மாட்டினேன். அமெரிக்க டப்பா பீரோவில் பிரிக்காமல் இருக்கிறது.

போன ஐப்பசியில் நல்ல காற்று அடித்த ஒரு ராத்திரி அங்கே தங்கினேன். மூணு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. டியூப்லைட் எரியவில்லை. இருட்டில் அக்கா குரல்: 'நீ தூங்கலையாடா?'