சனிக்கிழமை அப்பா

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கே பஸ் ஸ்டாண்டில் நிற்பார். மூன்று மணி நேரப் பயணம். குடும்ப நல நீதிமன்ற வளாகத்தில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை தன் ஏழு வயது மகளைப் பார்க்க அவருக்கு அனுமதி. விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை.

முதல் சனிக்கிழமை பெரிய கரடி பொம்மை வாங்கிப் போனார். மகள் மடியில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அம்மா என்னைப் பத்தி என்ன சொல்றா?” இரண்டாவது, “தாத்தா திட்டுறாரா?” குழந்தை பதில் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

மூன்றாவது முறை, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரவே மறுத்தாள். “நீதான் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வர்றே!” என்று வராண்டாவிலேயே மனைவியைப் பார்த்துக் கத்தினார். அந்த மாதம் ஜீவனாம்சப் பணத்தையும் அனுப்பவில்லை.

நீதிமன்றத்தின் ஆலோசகர், அவர் அம்மா வயது இருக்கும், தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“தம்பி, இந்த ரெண்டு மணி நேரம் உங்களுக்குக் கொடுத்ததுன்னு நினைச்சுட்டு இருக்கீங்க. இது பாப்பாவுக்குக் கொடுத்தது. பணம் அனுப்பறதுக்கும் பாப்பாவைப் பார்க்கறதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. ரெண்டும் அவளோட உரிமை.”

ஆலோசகர் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. 2015 மே மாதம் இந்தியச் சட்ட ஆணையம் மத்திய அரசுக்கு அளித்த 257-வது அறிக்கை இதைத்தான் ஆராய்ந்தது. குழந்தையின் நலனே முதலில். அதற்கு ஏற்றதாக இருந்தால், பிரிந்த பெற்றோர் இருவரும் சேர்ந்து வளர்க்கும் ‘கூட்டுப் பொறுப்பு’க்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்றது. அந்தப் பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், தாய், தந்தை இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை என்றது. குழந்தை யாரிடம் இல்லையோ, அவர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது அதனுடன் பேச வழி இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

“போன்ல பேச அனுமதி கேட்டு மனு போடுங்க. ஆனா ஒண்ணு... அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது” என்றார் ஆலோசகர்.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழைத்தார். தமிழிலேயே பேசினார்கள். கத்தியதையும் பணத்தை நிறுத்தியதையும், ஊரில் யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத அந்த ஆளிடம் சொல்லி அழுதார். மறுநாள் காலை முதல் வேலையாக, நிறுத்திய பணத்தை அனுப்பினார்.

மனைவி மனுவை எதிர்க்கவில்லை. தினமும் இரவு ஏழரை மணி, பத்து நிமிடம், வீடியோ கால். முதல் வாரம் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. குழந்தை மின்விசிறியைக் காட்டினாள். அவர் தையல் மெஷினைக் காட்டினார். அப்புறம் வாய்ப்பாடு வந்தது, ஸ்கூல் சண்டை வந்தது. சனிக்கிழமைகளில் அவளே ஓடி வர ஆரம்பித்தாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. கணவனும் மனைவியும் வராண்டாவில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை.

மகளுக்கு முதல் பல் விழுந்தது அவருக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. போன வாரம் இரண்டாவது பல். ஏழரைக்குப் போன் வந்தபோது அந்தப் பக்கம், “அப்பாகிட்ட காட்டினியா?” என்று ஒரு குரல். திரை முழுக்க மகளின் பொக்கை வாய்.

“இப்பதான்ப்பா விழுந்துச்சு!”